எண்ணும் இடமும்

ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடைபெறும் நாள்களில், இலஞ்சி உழவர் ஒருவர் தென்காசிக்கு மனுவோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "போன பசலி அடங்கலில் என் மகசூல் ஏறவில்லை, அசலைப் பார்த்து ஒரு நகல் தாருங்கள்" என்று அவர் கேட்கிறார். இந்த ஒரு வாக்கியத்திலேயே நான்கு அரபுச் சொற்கள் இருக்கின்றன என்பதை அவரும் அறியார். கேட்டுக்கொண்டிருக்கும் எழுத்தரும் அறியார்.

பருவம் எனப் பொருள்படும் ‘ஃபஸ்ல்’ என்பதிலிருந்து பசலி பிறந்தது. ‘மஹ்ஸூல்’ மகசூலாயிற்று. அதே வேர்ச்சொல்லிலிருந்து வந்த ‘தஹ்ஸீல்’ நமக்குத் தாசில்தாரைத் தந்தது. சார்ந்திருத்தல் என்னும் பொருளுடைய ‘தஅல்லுக்’ தாலுகாவாகி, அதிகாரத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பைக் குறிக்கலாயிற்று. இச்சொற்கள் வெறும் ஒலிகளாக மட்டும் இங்கு வந்து சேரவில்லை. ஓர் எண்ணை அதற்குரிய இடத்தோடு பிணைத்து வைக்கும் ஆட்சிக் கலையொன்றையும் உடன் கொண்டுவந்தன. அக்கலையின் வரலாறு நம் வயல் வரப்பு வரைக்கும் வந்து நிற்கிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஈராக்கின் ஸவாத் என்னும் வளநிலம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தது. அதன் வரியை மதிப்பால் முடிவு செய்ய அவர்கள் விரும்பவில்லை. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி நிலத்தை அளக்கச் செய்தார்கள். அளந்து கண்ட பரப்பு 3 கோடியே 60 இலட்சம் ஜரீப் என்று இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் ‘கிதாபுல் கராஜ்’ கூறுகிறது. கோதுமை விளையும் நிலத்துக்கு ஒரு வரி, வாற்கோதுமைக்கு வேறொரு வரி, திராட்சைத் தோட்டத்துக்கு மற்றொன்று என விதிக்கப்பட்டது. நிலத்தால் தாங்க இயலாத சுமை ஏற்றப்பட்டுவிடலாகாது என்பதே கலீஃபா அவர்களின் கவலையாக இருந்தது.

அந்த ஜரீப் என்னும் சொல்லை இந்தியாவில் அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர்மாலின் காலத்தில் மீண்டும் காண்கிறோம். நனைந்தால் சுருங்கும் சணற்கயிற்றை விலக்கி, இரும்பு வளையங்களால் இணைத்த மூங்கில் அளவுகோலை அப்போது புகுத்தினார்கள். கயிறு சுருங்கினால் நிலம் கணக்கில் பெருகும். குடியானவன் இல்லாத நிலத்துக்கு வரி செலுத்துவான். அபுல் ஃபஸ்ல் எழுதிய ‘ஆயினே அக்பரி’, சுபா, சர்க்கார், பர்கானா என்று இடவாரியாகப் பரப்பையும் வருவாயையும் வரிசைப்படுத்தித் தருகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கலை இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நாடு முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெருமுயற்சி அங்கேதான் பிறந்தது. 1858இல் சென்னை மாகாண நில அளவைத்துறை ஏற்பட்டு, ஊர்தோறும் கல் நட்டு, புலத்துக்குப் புலம் எண் கொடுத்தது. மற்றொரு பக்கம் 1871–72இல் முதல் மக்கள் கணக்கெடுப்பும், 1881இல் நாடெங்கும் ஒரே சமயத்தில் நடந்த கணக்கெடுப்பும் வந்தன. நிலத்தை அளந்தவர்களிடம் இடம் இருந்தது. தலை எண்ணியவர்களிடம் தொகை இருந்தது. இரண்டும் வேறு வேறு அலுவலகங்களில் வேறு வேறு கட்டுகளாகத் தங்கிவிட்டன.

இதனால் விளைந்த இடரை அறிய இலஞ்சியிலிருந்து செங்கோட்டை வரை போனால் போதும். சில கல் தொலைவுதான். மலை ஒன்று, சாரல் ஒன்று, பேச்சும் ஒன்று. ஆயினும் இலஞ்சி சென்னை மாகாணத்தில் இருந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. இங்கே பசலி, அங்கே கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர் 1875இலேயே தன் மக்களைத் தனியே எண்ணியது. 1951 வரை செங்கோட்டையின் தொகைகள் மலைக்கு அப்பாலுள்ள அரசின் தொகுதிகளிலேயே அச்சாயின.

1956 நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டை நம்மோடு இணைந்தது. ஆனால் தாலுகா முழுவதும் வரவில்லை. ஆரியங்காவுப் பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது. ஆகவே 1951இன் செங்கோட்டைத் தாலுகாத் தொகையை 1961இன் தொகையோடு அப்படியே ஒப்பிட்டு ‘மக்கள் குறைந்தனர்’ என்று ஒருவர் எழுதினால் அது பிழை. குறைந்தவர்கள் மக்கள் அல்லர், நகர்ந்தது எல்லை. எந்தெந்த ஊர் எந்தப் பக்கம் போயிற்று என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கூட்டினால்தான் உண்மை தெரியும்.

எல்லை மாறாதிருந்தாலும் சராசரி நம்மை ஏமாற்றக்கூடும். 1986இல் தூத்துக்குடிப் பகுதி பிரியும்வரை குற்றாலத்துச் சாரலும் உடன்குடித் தேரிமணலும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். இரண்டையும் கூட்டி வகுத்த மழையளவு எந்த ஊரில் பெய்தது? குற்றாலத்திலும் இல்லை, உடன்குடியிலும் இல்லை, காகிதத்தில் மட்டுமே பெய்தது. அந்தச் சராசரியை நம்பிக் கிணற்றுக் கடனோ வறட்சி நிவாரணமோ வகுத்தால் தேவைப்பட்டவனுக்குக் கிடைக்காது.

2019 நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அப்போது கையிலிருந்த மக்கள் கணக்கு 2011க்குரியது. அதில் தென்காசி மாவட்டம் என்ற பெயரே கிடையாது. திருநெல்வேலி மாவட்டத்தின் 30,77,233 பேருக்குள் அது கரைந்திருந்தது. இருந்தும் புதிய மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 14 இலட்சம் என்று சொல்ல முடிந்தது எவ்வாறு? 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊருக்கும் 6 இலக்கக் குறியெண் ஒன்று வழங்கப்பட்டிருந்தது. மாவட்டக் கோடு மாறினாலும் ஊரின் குறியெண்ணைப் பற்றிக்கொண்டு மீண்டும் கூட்டலாம். பள்ளிக்கூடம் எங்கே, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்னும் வரைபடத்தையும் அதே குறியெண்ணின் வழியே தொகையோடு பொருத்தலாம். பிரிந்துபோன இரு கலைகளும் மீண்டும் சேரும் இடம் இதுவே.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அடுத்ததற்கு 2027 மார்ச் 1ஆம் நாளே ஆதார நாள் என்று 2025 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. இம்முறை கைக்கருவியில் பதிவு செய்து, கட்டடங்களின் இருப்பிடத்தையும் குறிப்பது என்பது திட்டம்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் வரலாறு தருகிறது. 1941இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், யூதர்கள் எங்கெங்கே வாழ்கின்றனர் என்று காட்டும் வரைபடம் ஒன்றை நகராட்சி அலுவலகமே வரைந்தது. ஒரு புள்ளிக்குப் பத்துப் பேர். நெதர்லாந்தின் யூதர்களில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27 இரவு, எதிர்ப்பியக்கத்தினர் அந்நகரின் மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீவைத்தார்கள். பதிவேடுகளில் ஒரு பகுதியே அழிந்தது. நிவாரணம் கொண்டுசேர்க்கும் வழியை அறிந்த வரைபடமே வேட்டைக்கும் வழிகாட்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

அதற்காக எண்ணப்படாமல் ஒளிந்துகொள்ளலாமா? எண்ணப்படாத தெருவுக்குக் குழாயும் வராது, பள்ளியும் வராது. மக்கள் சொல்லும் தனிவிவரம் அமானிதம்; அதைப் பெறுபவர் காப்பாற்றக் கடமைப்பட்டவர். 1948ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்புச் சட்டமும் தனிமனிதர் விவரத்தை இரகசியமாக வைக்க வேண்டுமென்றே விதிக்கிறது. ஊருக்கு இத்தனை பேர் என்ற தொகை வெளியே வரட்டும். இன்ன வீட்டில் இன்னார் என்பது வெளியே வரலாகாது. உண்மையைச் சொல்வது நம் பொறுப்பு; அமானிதத்தைக் காக்குமாறு கேட்பது நம் உரிமை. இவ்விரண்டில் ஒன்றை விட்டால் மற்றொன்று நிலைக்காது.

இலஞ்சி என்னும் சொல்லுக்கு மகிழமரம் என்றும் குளம் என்றும் அகராதி பொருள் சொல்லும். அங்கே வரப்போரத்தில் புல் மூடிக் கிடக்கும் சர்வே கல்லை அடுத்த முறை காண்பவர்கள், சற்று நின்று பார்க்கட்டும். ஸவாத் நிலத்தில் அளவுகோல் பிடித்த உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையே அக்கல்லுக்கும் உரியது: எவர் மீதும் அவர் தாங்கவியலாத சுமை ஏறிவிடக் கூடாது.