கோர்வே, சிரமதானம், ஊழியம்



பனி உருகிவிட்டது. ஆலயத்தைச் சுற்றி நடந்து பார்த்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று தெரியும். டிசம்பரிலிருந்து நடைபாதையில் தூவிய சிறுகல் எல்லாம் புல்தரையில் ஏறிக் கிடக்கிறது. மண்டபத்துத் தரையில் எங்கள் சப்பாத்துகள் கொண்டுவந்த உப்பு வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்திருக்கிறது. பின்கதவடியில் பனிக்குள் புதைந்திருந்த கோப்பிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. உயிர்த்த ஞாயிறு விடியற்கால ஆராதனைக்கும் அதன் பிறகு வருகிற இடியப்பத்துக்கும் சொதிக்கும் முன்னர் இதையெல்லாம் நாங்கள்தான் துப்புரவாக்க வேண்டும்.

இந்த வேலைக்கு எங்கள் சபையில் மூன்று பெயர்கள் உண்டு. பெரியவர்கள் சிரமதானம் என்பார்கள். போதகர் அறிவித்தலில் ஊழியம் என்பார். இங்கே பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த நீங்கள் கோர்வே என்கிறீர்கள். போன வருடம் உங்களில் ஒருவர் என்னிடம், "அக்கா, கோர்வே எண்டால் தண்டனை மாதிரி ஒரு வேலைதானே?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டுத் தும்புத்தடியைக் கையில் கொடுத்தேன். அன்றிரவு கடமையில் வார்ட்டு அமைதியான நேரத்தில் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. நான் தாதி, சரித்திரம் படித்தவள் அல்ல. ஆனாலும் அன்று தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். தம்பி கேட்டது சரியான கேள்வி என்று இப்போது தெரிகிறது.

கோர்வே என்ற சொல்லின் மூலம் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'கேட்டுக்கொள்ளப்பட்ட வேலை' என்பது அதன் முதற்பொருள். கேட்டுக்கொள்வது எப்படியோ கட்டளையாக மாறியது. பிரான்சிலிருந்து அந்த வழக்கம் கப்பலேறி இங்கே வந்தது. இந்த நாடு 'புதிய பிரான்ஸ்' என்று அழைக்கப்பட்ட காலத்தில் நிலத்தில் பயிர் செய்தவனுக்கு மேலே ஒரு நிலப்பிரபு இருந்தான். குடியானவன் அவனுக்கு வரி கொடுத்தான். அதோடு, பல இடங்களில், வருடத்தில் சில நாட்கள் கூலியில்லாமல் அவன் நிலத்திலும் வேலை செய்தான். கோடை குறுகிய நாடு இது. தன் வயலுக்கே நாள் போதாத நேரத்தில் அந்த நாட்களைக் கொடுக்க வேண்டும். காசு இருந்தவன் காசைக் கட்டித் தப்பினான்.

எங்கள் மொன்றியல் தீவுக்கும் நிலப்பிரபுக்கள் இருந்தார்கள். 1663 இலிருந்து அது சுல்பீசியன் குருமாரின் கையில் இருந்தது. நிலப்பிரபு என்றதும் குதிரையில் வரும் கொடியவனை நினைக்காதீர்கள். பூசை வைத்த கைகள்தான் வரிப் புத்தகத்தையும் பிடித்தன. அரசனுக்கான கோர்வே வேறு. கியூபெக் நகரத்தையும் மொன்றியலையும் இணைத்து 1737 இல் முடிந்த 'அரச பாதை'யை, அது கடந்து போன ஊர்களின் குடியானவர்கள் கூலியில்லாமல் வெட்டிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் நூற்றிமுப்பத்தெட்டாம் இலக்கப் பாதையில் பயணம் செய்தால் பல இடங்களில் அதன் பெயர்ப்பலகையைக் காணலாம்.

நிலப்பிரபு முறை 1854 இல் ஒழிந்தது. சொல் ஒழியவில்லை. தீப்பிடித்த களஞ்சியத்தை அயலவர் கூடி மறுபடி கட்டினால் அது கோர்வே. சித்திரையில் பூங்காவைக் கூட்டினாலும் கோர்வே. வீட்டில் ஒருவரும் விரும்பாத வேலைக்கும் அதே பெயர்தான். தம்பி கேட்ட தண்டனை இந்தக் கடைசி அர்த்தத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிரமதானம் வயதில் இளையது. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்று பொருள். இலங்கையில் 1958 இல் கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குக் கூட்டிப்போய் அங்குள்ள மக்களோடு சேர்ந்து வேலை செய்தார். சர்வோதய இயக்கம் அப்படித் தொடங்கியது. எங்கள் பெற்றோருக்கு அந்தச் சொல் பள்ளிக்கூடக் கிணறு இறைத்ததையும் ஒழுங்கை செப்பனிட்டதையும் நினைவூட்டும். தானம் என்றபடியால் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதிபர் பெயர் கூப்பிட்டு வரவு எடுத்த சிரமதானங்களைப் பற்றி அம்மா சொல்லும்வரை!

என்னைத் தூங்கவிடாத சொல் மூன்றாவது. ஊழியம். எங்கள் ஜெபங்களில் இதைவிட மரியாதையான சொல் இல்லை. ஊழியக்காரர் என்றால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறோம். ஆனால் ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்ட காலத்துப் பதிவுகளில் ஊழியம் என்றால் கட்டாய வேலை. சில சமூகத்தார் கொம்பனிக்குக் கூலியில்லாமல் குறித்த நாட்கள் உழைக்க வேண்டும். வராதவர் பணம் கட்ட வேண்டும். புதிய பிரான்சின் கோர்வேயும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. கடலுக்கு அப்பால் திருவிதாங்கூரிலும் இதே சொல்தான், இன்னும் கடுமையாக. தாழ்த்தப்பட்ட சாதியார் அரசுக்கும் மேல்சாதியாருக்கும் செய்த கூலியில்லா வேலை அங்கே ஊழியம். அவர்களில் பலர் கிறிஸ்தவர்களானபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டும் என்பதே அவர்களுடைய முதற் கோரிக்கைகளில் ஒன்று. யோசித்துப் பாருங்கள். ஊழியம் செய்யாமல் இருப்பதற்காக ஆலயத்துக்கு வந்தவர்கள் அவர்கள்.

அந்த மக்கள் நடுவே 1806 இலிருந்து வேலை செய்த ரிங்கல்தௌபே என்ற பிரஷிய லூத்தரன் போதகர், முதலில் தமிழ் படித்த இடம் தரங்கம்பாடி. தமிழ் லூத்தரன்களுக்கு அந்த ஊரைச் சொல்லாமல் எந்தக் கதையும் முடியாது.

டென்மார்க் அரசன் அனுப்பிய சீகன்பால்கும் புளுச்சாவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இவ்வளவும் உங்களுக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அச்சகம், 1715 இல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு எல்லாம் மனப்பாடம். முதல் தமிழ் லூத்தரன்கள் யார் என்பதை மட்டும் நாங்கள் வேகமாகத் தாண்டிப் போகிறோம். 1707 மே 12 அன்று ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் அந்த ஊர் ஐரோப்பியரின் வீட்டு அடிமைகள். எசமான்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுக்க, அந்த இடைவெளியில் வந்து வேதபாடம் கற்றவர்கள். பானை கழுவுவதும் தண்ணீர் சுமப்பதும் அவர்கள் விரும்பி எடுத்த வேலைகள் அல்ல. ஞானஸ்நானம் பெற்றதால் மட்டும் அடிமைத்தளை அறுந்துவிடும் காலமும் அல்ல அது. எங்கள் சபை வரலாற்றின் முதல் பக்கத்தில் இருப்பவர்கள், தங்கள் உழைப்புத் தங்களுக்கே சொந்தமில்லாத ஐந்து பேர்.

அந்த நாட்களில் இந்த நகரமும் வேறு மாதிரி இருக்கவில்லை. 1709 ஏப்ரல் 13 அன்று புதிய பிரான்சின் நிருவாகி ரோடோ, அடிமைகளை வாங்கியவருக்கே அவர்கள் முழுச் சொத்து என்று ஆணை பிறப்பித்தான். அவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. அடுத்த நாளும் அதே அடுப்படிதான்.

(மே 12 சர்வதேச தாதியர் தினமும்கூட. 1820 இல் அன்றுதான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்தார். 1851 இல் அவர் பயிற்சி பெற்றது ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில். அங்கே பிளீட்னர் என்ற போதகரும் அவர் மனைவியும் திருப்பணிச் சகோதரிகளுக்கு நோயாளர் பராமரிப்புக் கற்றுக் கொடுத்தார்கள். இரண்டு மே 12 களும் தற்செயல்தான். ஆனாலும் அந்த நாளில் வைத்தியசாலையில் எங்களுக்குக் கேக் வெட்டும்போது எனக்கு இப்போது அந்த ஐந்து பேரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.)

பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? தஞ்சாவூர் அரசனின் படையில் இருந்த இராஜநாயக்கனைப் பற்றி வாசித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோமன் கத்தோலிக்கராக இருந்த அவருடைய கையில் தரங்கம்பாடியில் அச்சான தமிழ் சுவிசேஷங்கள் கிடைத்தன. யாரும் நியமிக்காமல், சம்பளம் வாங்காமல், சேவகத்தில் இருந்தபடியே தன் தோழர்களுக்கு வாசித்துக் காட்டினார். நான் அறிந்தவரை தமிழ் லூத்தரன்களில் தொண்டர் என்ற சொல்லுக்கு முழுதாகப் பொருந்துகிறவர் அவர்தான். 1727 இல் தரங்கம்பாடியைத் தேடி வந்தார், அடுத்த வருடம் உபதேசியார் ஆனார். மிஷனரிமார் எளிதில் நுழைய முடியாத தஞ்சாவூரில் சபையை வளர்த்தார்.

தமிழரில் ஒருவரைப் போதகராக அபிஷேகம் பண்ண மிஷனரிமார் தீர்மானித்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. ஆனால் அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர் மறுப்பார்கள் என்று பயந்தார்கள். 1733 டிசம்பர் 28 அன்று கடலூரில் பிறந்த வேளாளரான ஆரோன் அபிஷேகம் பெற்றார். ஆரோன் உண்மையுள்ள போதகர், 1745 இல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்தவர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இராஜநாயக்கனோ 1771 இல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், உபதேசியாராகவே இருந்தார். 1718 இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே சிலர் பாயிலும் சிலர் வெறுந்தரையிலும், இடையே இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். ஊழியம் கட்டாயமாக இல்லாத இடத்திலும் யாருக்கு எந்த ஊழியம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது. ஏனென்றால் போன வருடம் எங்கள் சபையின் துப்புரவுப் பட்டியலை எழுதியவள் நான்.

மலசலகூடங்கள் கழுவுவதற்கு ஒரு தம்பியின் பெயரைப் போட்டேன். வந்து ஒரு வருடம் ஆகாதவர். அகதி விண்ணப்பம் விசாரணைக்காகக் காத்திருந்தது. அவரை நான் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினால் அவர் மறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதினேன். மற்றவர்களுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர் வந்தார், எல்லாவற்றையும் நன்றாகக் கழுவினார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமை மண்டபம் பூட்டியிருக்க, வாசலில் நின்றார். என்ன தம்பி என்று கேட்டேன். சபையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றும், எத்தனை நாள் வேலை செய்தால் அது கிடைக்கும் என்றும் கேட்டார்.

கடிதத்துக்கும் கழுவுவதற்கும் சம்பந்தமில்லை, ஆராதனைக்கு வருகிற யாருக்கும் போதகர் அந்தக் கடிதம் கொடுப்பார் என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அவர் தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பட்டியலை எழுதியவள் சொல்வதை எப்படி நம்புவது? போதகர் அந்தக் கிழமையே கடிதம் கொடுத்தார். அதன் பிறகு அந்தத் தம்பி சனிக்கிழமைகளில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், பின்வரிசையில் பாஸ் குரலில் பாடுகிறார். சிலர் என்னிடம், "கடிதம் கிடைச்சவுடன ஆள் நிண்டிட்டார், பாத்தீங்களோ" என்றார்கள். எனக்கென்றால் அவர் நின்றதுதான் நிம்மதியாக இருந்தது.

இந்த வருடப் பட்டியலை வெறுமையாக ஒட்டியிருக்கிறேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனா நூலில் கட்டித் தொங்குகிறது. சிறுகல் வாருவது, ஜன்னல் துடைப்பது, இடியப்பம் அவிப்பது, நாற்காலி அடுக்குவது என்று வேலைகள் மட்டும் எழுதியிருக்கின்றன. மலசலகூடம் என்ற வரிக்கு நேரே என் பெயரும் மூப்பர் ஒருவரின் பெயரும் உண்டு. மூப்பரிடம் கேட்டுத்தான் எழுதினேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு ஓம் என்றார். அந்த வரியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. கையுறை நான் கொண்டுவருகிறேன், அளவு சொன்னால் போதும். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வெளிக்குழாய் இன்னும் உறைந்திருக்கிறது, ஆகவே தண்ணீரை உள்ளேயிருந்துதான் சுமக்க வேண்டும்.