என் புல்லட்டும் ஒரு பிரெஞ்சுத் தொப்பியும்

என் முதல் மோட்டார் சைக்கிள் 1979-ல் பதிவான 350 சி.சி. புல்லட். ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய வேட்டி போர்த்தியபடி நிற்கிறது. முழங்கால் வலியால் என்னால் உதைக்க முடியவில்லை. அதுவும் நீலப்புகை விட ஆரம்பித்திருந்தது. இருவருக்கும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் பேரன் சென்னையிலிருந்து வந்தான். வேட்டியை விலக்கிப் பார்த்தவன், "தாத்தா, இதை ஆல்டர் பண்ணி நான் ஓட்டட்டுமா? சும்மா நின்னா துருதான் பிடிக்கும்" என்றான். கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். பாதி சீட், தாழ்ந்த ஹேண்டில்பார், முன்னால் தனியாக ஒரு உருண்டை விளக்கு. எஞ்சினையும் இப்போதைய செல்ஃப் ஸ்டார்ட் எஞ்சினாக மாற்றிவிடலாமாம். என் வண்டிக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவனுக்குப் பழக்கமெல்லாம் நேர்மாறு.

"பார்க்கலாம்" என்றேன். 38 வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் சொல்லும் "பார்க்கலாம்"-க்கு என்ன பொருள் என்று நம்மவர்களுக்குத் தெரியும். ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. முடிவெடுக்கும் முன் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புல்லட் என்ற பெயரை இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-லேயே சூட்டிவிட்டது. நம் ஊர் பார்த்த புல்லட் 1949-ல் வந்த மாதிரி. பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த வண்டி என்பது அந்த நாளில் பெரிய புதுமை. நம் ராணுவத்துக்கு எல்லை ரோந்துக்குத் தாங்கும் வண்டி வேண்டியிருந்தது. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். நம் புதுவை பிரெஞ்சுக்காரர் கையை விட்டு வந்தது 1954 நவம்பர் 1. அதற்கு அடுத்த வருடம் இது.

முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு வார்ப்புகளும் கருவிகளும் வந்தன. படிப்படியாக முழு வண்டியும் இங்கேயே தயாரானது. இங்கிலாந்திலோ நிலைமை தலைகீழ். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் கம்பெனியே அங்கு இல்லை. 1977-ல் திருவொற்றியூரில் செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு மகள் வீட்டிலிருந்து சாப்பாடு போன மாதிரி.

இத்தனை வருடமும் வண்டி ஏன் மாறவில்லை? லைசென்ஸ் காலம் அது. வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாது. உள்நாட்டில் எத்தனை வண்டி செய்யலாம் என்பதையும் அரசாங்கம்தான் சொல்லும். வாங்குபவன் பணம் கட்டிக் காத்திருப்பான். அப்படியிருக்க யார் எதை மாற்றப் போகிறார்கள்? அந்தக் கொள்கையை நான் புகழ மாட்டேன். அதன் காகிதங்களைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதனால் ஒரு நன்மை விளைந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்ற அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில்தான் நிறுத்தப்பட்டது. அப்பாவிடம் கற்ற மகன் அதே ஸ்பேனரை வைத்துப் பிழைக்கலாம் என்றிருந்தது. ஆரோவில் வெள்ளைக்காரர்கள் செம்மண் பாதையில் புல்லட் ஓட்டியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கே நின்றாலும் ஒரு மெக்கானிக் கிடைப்பார்.

என் வண்டியை அரசு முன்பணத்தில் வாங்கினேன். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஓட்டி வந்தபோது முன்விளக்கு பொருந்தியிருந்த அந்த இரும்புக் கூட்டைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டேன். ஃபோர்க்கின் தலையை மூடி, பெரிய விளக்கும், இருபக்கமும் புலிக்கண் போல இரண்டு குட்டி விளக்கும், மேலே ஸ்பீடோமீட்டரும் ஆம்மீட்டரும் வைத்த கூடு. விளக்குக்கு மேல் அது சற்று நீண்டிருக்கும். அதன் பெயர் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1950-களின் நடுவில் இங்கிலாந்துக் கம்பெனி அதற்கு வைத்த பெயர் "காஸ்கெத்". பிரெஞ்சில் முன்விளிம்பு வைத்த தொப்பி. லிசேவில் படித்தவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவும் வேண்டுமா! மறுநாளே நெல்லித்தோப்பு மெக்கானிக்கிடம் போய், "காஸ்கெத்தில் ஒரு நெளிசல் இருக்கு, எடுக்கணும்" என்றேன். அவர் உள்ளே போய் ஹெட் கேஸ்கட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

பேரன் காட்டிய படத்தில் முதலில் போவது இந்தத் தொப்பிதான். அது போனால் ஆம்மீட்டரும் போகும். இந்த வண்டியை எழுப்புவதே ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரசரைப் பிடித்துக் கிக்கரை ஒரு இம்மி தள்ளி, விட்டுவிட்டு, பிறகு ஒரே உதை. பலம் வேண்டாம், பொறுமை போதும்.

சட்டப் புத்தகத்தையும் புரட்டினேன், தொழில் தோஷம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வந்தது. 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது, பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். என் வண்டி 2029-ல் தகுதி பெறும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் கொண்டுபோகலாம், தினசரி ஓட்டக்கூடாது. பெரிய மார்க்கெட்டுக்குப் போக முடியாத புல்லட் எனக்கெதற்கு? 2024-ல் ஆயிரம் ரூபாய் கட்டிச் சாதாரணப் பதிவைப் புதுப்பித்ததே போதும்.

"அசல்னு எதைச் சொல்றீங்க தாத்தா?" என்று பேரன் மடக்கினான். கேள்வி சரிதான். இரண்டு முறை ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறேன். டேங்க்கின் தங்கக் கோடு இங்கே ஒரு போர்டு எழுதுபவர் கையால் மறுபடி இழுத்தது. சைலன்சர் மூன்றாவது. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர்தாம் எரிந்ததை டி.வி.யில் பார்த்தோமே, கோபுரம் சாய்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கோபுரம் இடைக்காலத்தது இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வியொலே லெ துய்க் பழுதுபார்க்கும்போது கட்டியது. புது மாதிரி கட்டலாமா, இருந்தபடியே கட்டலாமா என்று அங்கும் பெரிய வாக்குவாதம். கடைசியில் இருந்தபடியே கட்டினார்கள். பழுதுபார்த்ததையே அசல் என்று வைத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னேன். "அது சர்ச் தாத்தா, இது பைக்" என்றான்.

பிறகு மெதுவாகத் தன் பக்கத்தைச் சொன்னான். "நீங்க அப்படியே வச்சா நீங்களும் ஓட்ட மாட்டீங்க, நானும் ஓட்ட மாட்டேன்." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் தாய் ஐந்து வயதில் அந்த டேங்க் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காஸ்கெத்தைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள். அவன் பார்த்ததெல்லாம் வேட்டி போர்த்திய ஒரு சாமான்.

காலையில் கோப்பில் உத்தரவு எழுதுவது போலச் சொன்னேன். ஃபிரேம், எஞ்சின், காஸ்கெத் மூன்றிலும் கை வைக்கக் கூடாது. 6 வோல்ட் மின்சாரத்தை 12 ஆக்கலாம்; ராத்திரியில் அந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் போவதை நான் விரும்பவில்லை. சீட்டை அவன் முதுகுக்கு ஏற்றபடி தைக்கலாம். கியர் வலது காலிலேயே இருக்கும். கற்றுக்கொள்ள வேண்டியது அவன். கொஞ்ச நேரம் யோசித்தான். "கிக்கும் நானே அடிக்கணுமா?" என்றான்.

சிலிண்டர் இப்போது லேத் பட்டறையில் இருக்கிறது. இனிக் கடைய இடமில்லை என்பதால் ஸ்லீவ் போட்டுப் பழைய 70-க்கே கொண்டுவருகிறார்கள். அடுத்த சனிக்கிழமை பேரன் வருகிறான். அதுவரை பழகட்டும் என்று ஆம்மீட்டர் முள் நடுவில் நிற்பதை ஒரு தாளில் படம் வரைந்து, புகைப்படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.