ஓர் இலக்கிய வட்டம் சங்கமான வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய மாணவர் சங்கங்கள் பல உண்டு. ஆடவர்க்குரியவற்றை ஃபிரட்டர்னிட்டி என்றும், மகளிர்க்குரியவற்றைச் சொராரிட்டி என்றும் வழங்குவர். உடன்பிறப்புச் சங்கம் என்று நாம் பெயரிட்டுக் கொள்ளலாம். மறைவான சடங்கு, தனி நிறம், தனிப் பாடல், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகவே அழைக்கும் வழக்கம் ஆகியன இவற்றின் அடையாளங்கள். தங்க இடம், தேர்வுக்குத் துணை, படிப்பு முடிந்தபின் வேலைக்குப் பரிந்துரை என இவற்றால் விளைந்த நன்மைகள் சிலவல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நன்மைகளைப் பெரும்பாலும் வெள்ளை மாணவர்களே துய்த்தனர்.

நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்க்கும் இடமளித்தது. ஆயினும், சேர்ந்தவர்கள் நிலைத்துப் பயில்வது அரிதாக இருந்தது. 1904-05 கல்வியாண்டில் பயின்ற ஆறு கறுப்பின மாணவர்கள் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. வந்தவர்கள் ஊரிலிருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கினர். சிலர் படிப்புச் செலவுக்காக வெள்ளை மாணவர்களின் சங்க விடுதிகளில் பணியாளராக உழைத்தனர். உணவு பரிமாறிய கூடத்தில் அவர்கள் உறுப்பினராக அமர்தற்கு வழியில்லை.

இம்மாணவர்கள் முதலில் கூடியது இலக்கியம் பேசுவதற்கே. சார்லஸ் பாயின்டெக்ஸ்டர் என்னும் மூத்த மாணவர் அக்கூட்டத்தை முன்னின்று நடத்தினார். வாசிப்பும் விவாதமும் தொடர்ந்தன. விரைவில் ஒரு வினா எழுந்தது: இது இலக்கிய வட்டமாகவே இருப்பதா, உடன்பிறப்புச் சங்கமாக மாறுவதா? வட்டமாகவே இருக்கட்டும் என்பது பாயின்டெக்ஸ்டரின் கருத்து. இளையவர் சிலர்க்கு அது போதவில்லை. நூலைப் பற்றிப் பேசிவிட்டுத் தத்தம் அறைக்குத் திரும்பும் உறவு, திரும்பி வராமற் போன அந்த அறுவரைக் காத்திருக்குமா என்பதே அவர்கள் முன் நின்ற சிக்கல் எனலாம். 1906 டிசம்பர் 4ஆம் நாள் இளையவர் கருத்து வென்றது. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா தோன்றியது. கல்லூரிதோறும் கிளைவிட்டு நிலைத்த முதல் கறுப்பின மாணவர் சங்கம் அதுவே. பாயின்டெக்ஸ்டர் விலகிக்கொண்டார்.

சங்க வரலாறு நிறுவனர் எழுவரைப் போற்றுகிறது. விலகிய அவ்வொருவரைப் பிழை செய்தவராகக் கொள்வது முறையன்று. அவர் கூட்டிய கூட்டத்தில்தான் அவ்வெழுவரும் ஒருவரையொருவர் அறிந்தனர். எழுவருள் வெர்ட்னர் டான்டி பின்னாளில் கட்டடக் கலைஞராகப் பெயர்பெற்றார். ஹென்றி கேலிஸ் மருத்துவரானார். அவர் 1910இல் மணந்தவர் கவிஞர் ஆலிஸ் டன்பார். ஆலிஸ் பிற்காலத்தில் டெல்டா சிக்மா தீட்டா என்னும் மகளிர் சங்கத்தின் பண்ணுக்குச் சொல் அமைத்தார் என்பது கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

அந்த மகளிர் சங்கம் பிறந்த கதையும் கருத்து வேற்றுமையின் கதைதான். வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் கறுப்பின மாணவியரின் முதற் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அமைந்தது. சில ஆண்டுகளில் அதன் பெயரையும் நோக்கையும் மாற்றி, சமூகப் பணியில் முனைந்து இறங்க வேண்டும் என 22 மாணவியர் விரும்பினர். மூத்த உறுப்பினர் இசையவில்லை. 1913 ஜனவரி 13ஆம் நாள் அந்த 22 பேரும் டெல்டா சிக்மா தீட்டாவை நிறுவினர். ஏழு வாரத்துக்குள், மார்ச் 3ஆம் நாள், பெண்கள் வாக்குரிமைக்காக வாஷிங்டன் வீதியில் நடந்த பேரணியில் அவர்கள் அணிவகுத்தனர். கறுப்பினப் பெண்கள் தம்முடன் நடப்பதை வெள்ளைப் பெண்மணிகளுள்ளும் பலர் விரும்பாத காலம் அது. மேரி சர்ச் டெரல் அம்மாணவியரோடு நடந்தார். உரிமை கேட்டுச் சென்ற ஊர்வலத்தின் உள்ளேயே இன்னோர் உரிமைப் போர் நடந்தது என்று சொல்லலாம்.

இனி, சங்கத்தில் சேரும் முறை. புகுமுக மாணவர்கள் ஒரே வரிசையாக நிறுத்தப்பட்டனர். அவ்வரிசையில் உடன் நின்றவர் வாழ்நாள் முழுதும் உடன்பிறந்தார். நிறுவனர் பெயர்களையும் சங்க வரலாற்றையும் பிசகின்றி ஒப்புவிக்க வேண்டும். சில சங்கங்களில் ‘இன்விக்டஸ்’ போன்ற ஆங்கிலக் கவிதையையும் மனப்பாடம் செய்தல் வேண்டும். மனப்பாடம் ஒருவரையும் கெடுத்ததில்லை. ஆயின் காலப்போக்கில் உறக்கம் கெடுத்தலும், இழிவுபடுத்தலும், மட்டையால் அடித்தலும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. அடிமைத்தளையின் நினைவு மாறாத மக்களின் பிள்ளைகள், தம் தம்பியரையே அடித்துச் சோதித்தனர் என்பது எவ்வாற்றானும் ஏற்கத்தக்கதன்று. 1989இல் சேர்க்கைச் சடங்கின்போது ஒரு மாணவர் உயிரிழந்தார். 1990இல் இச்சங்கங்கள் கூடிப் பழைய சேர்க்கை முறையைக் கைவிட்டன. மறைவில் அது தொடர்ந்தது. பின்னரும் உயிர்கள் போயின.

இத்தனைக்கும் பின், சேர்ந்தவர் விலகுவது அரிது. லாங்ஸ்டன் ஹியூஸ் 1926இல் லிங்கன் பல்கலைக்கழகம் புகுந்தபோது அவருடைய முதற் கவிதைத் தொகுதி வெளிவந்துவிட்டது. புகழ் தொடங்கிய அக்கவிஞரும் ஒமேகா சை ஃபை சங்கத்திற் சேர்ந்தார். திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்விகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவிற் சேர்ந்தவர். 2020இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது அச்சங்கத்தைத் தம் குடும்பமென்றே மேடையிற் குறிப்பிட்டார்.

டெல்டா நிறுவனர் 22 பேருள் ஒருவர் பெர்த்தா பிட்ஸ் கேம்பல். 1981இல், 1913ஆம் ஆண்டுப் பேரணியின் நினைவாக வாஷிங்டனில் அதே வீதியில் சங்கத்தார் மீண்டும் அணிவகுத்தனர். ஆயிரக்கணக்கான பெண்களின் முன்னே அவர் சென்றார். அப்போது அவருக்கு அகவை 92.