பாழ்நிலமும் மீள்வனமும்: மாத்தளை உலர்வலயக் காடுகளின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

1

இலங்கையின் காடுகளைப் பற்றிய வரலாற்று எழுத்துகளில் மலைநாட்டுக் காடுகளுக்குக் கிடைத்த கவனம் உலர்வலயக் காடுகளுக்குக் கிடைக்கவில்லை. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டப்பட்ட ஈரவனங்களே 'அழிந்த காடுகள்' என நினைவுகூரப்படுகின்றன. மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்தே, தம்புள்ளை, கலேவெல, சீகிரியா, வில்கமுவ ஆகிய பகுதிகளிற் பரந்து கிடக்கும் முட்புதர் நிலமோ பயனற்ற தரிசாகவே பொதுவிற் கருதப்பட்டு வந்துள்ளது. அரசாங்க ஆவணங்களில் அது 'பாழ்நிலம்' எனப்பட்டது. குடியேற்றத் திட்டங்களில் 'வெற்றுநிலம்' ஆயிற்று.

இப்பெயர்கள் எவ்வாறு தோன்றின, எவருக்குப் பயன்பட்டன என்பதையும், அத்தகைய நிலத்தில் காடு மீண்ட ஓர் அனுபவம் நமக்கு எதனை உணர்த்துகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மாத்தளை மாவட்டம் இரு வேறுபட்ட வலயங்களை உள்ளடக்கியது. தெற்கே மாத்தளை, இரத்தோட்டை முதலிய பகுதிகள் மலைச்சரிவுகள், தோட்டப் பயிர்ச்செய்கைக்குரியவை. வடக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து உலர்வலயத்துடன் இணைகின்றது. இங்கு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை நீண்ட வரட்சி நிலவும். இராசஸ்தானம் போன்ற பாலைநிலம் இதுவன்று. ஆயினும், இந்த ஐந்து மாத வரட்சியே இங்கு எந்த மரம் நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலியன அவ்வரட்சியைத் தாங்கப் பழகிய மரங்கள். அவை மெல்ல வளர்வன, ஆழ வேரூன்றுவன, வைரம் பாய்ந்தவை.

இக்காடு மனிதன் காணாத ஆதிவனமுமன்று. அம்பன் கங்கையை மறித்து வெட்டப்பட்ட எலஹெர கால்வாயை, கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஆட்சியேறிய வசப மன்னனுடன் மகாவம்சம் தொடர்புபடுத்துகின்றது. இன்று யானைகள் உலாவும் வஸ்கமுவவின் உட்பகுதியிலும் பழைய நீர்ப்பாசன வேலைகளின் எச்சங்கள் உள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பின் உலர்வலய நாகரிகம் தளர்ந்து, குடிகள் தென்மேற்கே பெயர்ந்தபோது, கைவிடப்பட்ட வயல்களின் மீதும் குளக்கட்டுகளின் மீதும் காடு பரவிற்று. எனவே, ஐரோப்பியர் 'கன்னிவனம்' எனக் கண்டவற்றிற் பெரும்பகுதி ஒருமுறை அழிந்து மீண்ட காடேயாகும். மீளும் ஆற்றல் இக்காட்டின் இயல்பு என்பது மனங்கொளத்தக்கது.

எஞ்சிய கிராமத்தவர் அவ்வாற்றலை அறிந்தே சேனைப் பயிர்ச்செய்கையை நடத்தினர். வரட்சியின் உச்சத்தில் ஒரு துண்டு நிலத்தை வெட்டி எரித்து, மழையோடு குரக்கன், சோளம், எள்ளு, பயறு என்பவற்றை விதைத்தனர். ஓரிரு போகங்களின் பின் அதனைக் கைவிட்டு வேறிடம் சென்றனர். வெட்டுண்ட அடிமரங்கள் நிலத்தில் உயிரோடிருந்தன. வேரிலிருந்து தளிர்கள் எழுந்தன. பல ஆண்டுகள் ஓய்வு கிடைத்தவிடத்து அந்நிலம் மீண்டும் காடாயிற்று. ஓய்வுக்காலம் குறுகும்போதும் தீ அடிக்கடி பரவும்போதும் மட்டுமே முட்புதரும் இலுக்குப் புல்லும் நிலத்தைக் கைப்பற்றின.

3

ஓய்வுக்காலம் ஏன் குறுகிற்று என்ற வினாவுக்கு விடையைச் சட்டத்தின் வரலாற்றிலே தேடல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், காடாகவும் பாழாகவும் குடியேற்றமின்றியும் பயிரிடப்படாமலும் உள்ள நிலங்களனைத்தும், மறுதலை நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என அனுமானித்தது. பழைய கண்டி இராச்சியப் பகுதிகளைப் பொறுத்தவரை விதி இன்னும் கடுமையாயிற்று. பல ஆண்டு இடைவெளியிலே மட்டும் பயிரிடத்தக்க சேனை நிலங்கள், சன்னஸ் முதலிய உரிமைச் சான்றோ வழக்கமான வரியோ ஊழியமோ செலுத்திய சான்றோ இல்லாதவிடத்து, முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. நிலத்துக்கு அளிக்கப்பட்ட ஓய்வே அதன் உரிமையின்மைக்குச் சான்றாக்கப்பட்டது. உழவனின் கண்ணில் 'ஓய்ந்திருக்கும் நிலம்' எதுவோ, அதுவே சட்டத்தின் கண்ணிற் 'பாழ்நிலம்' ஆயிற்று.

அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் மலைப்பகுதிகளிற் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. நில இழப்பும், துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீதான புதிய வரிகளும், கட்டாய வீதி ஊழியமும் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சிக்கு இட்டுச்சென்றன. அவ்வாண்டு யூலை 26ஆம் நாள் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையிலே மன்னனாக முடிசூட்டப்பட்டான். புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். துப்பாக்கி வரி இங்கு சிறப்பாக நோக்கத்தக்கது. பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் சேனையைக் காத்த உழவனின் துப்பாக்கிக்கு வரி விதித்த அதே அரசு, தன் அதிகாரிகள் வேட்டையில் யானைகளைக் கொன்று குவிப்பதை வீரமெனப் போற்றிற்று. மேஜர் றொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகின்றது.

கோப்பியோடு மற்றொரு மக்கட் கூட்டமும் இக்காட்டினூடே வந்தது. மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர், உலர்வலயக் காடுகளைக் கடந்து தம்புள்ளை, நாலந்த வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880ஆம் ஆண்டிலேயே. சேனை உழவனிடமிருந்து நிலத்தைப் பறித்த செயலும், நிலமற்ற தமிழ் உழைப்பாளியை இவ்வழியே இழுத்துவந்த செயலும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு கூறுகளென்பது வெளிப்படை.

4

காட்டைக் காத்தல் என்ற சிந்தனை இதன் பின்னரே தோன்றிற்று. 1873இல் தாவரவியலாளர் ஜோசெப் ஹூக்கர் இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது வைக்குமாறு பரிந்துரைத்தார். மலைநாட்டின் நீரும் காலநிலையும் கருதப்பட்ட அப்பரிந்துரையில் உலர்வலயம் இடம்பெறவில்லை. முதிரையும் கருங்காலியும் தொடர்ந்து ஏற்றுமதிப் பண்டங்களாகவே நோக்கப்பட்டன. 1885ஆம் ஆண்டின் வனக் கட்டளைச்சட்டம் காட்டின் மீதான அரச அதிகாரத்தை ஒழுங்குபடுத்திற்று. 1937ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் ஒதுக்ககங்களுக்கு அடிகோலிற்று. வஸ்கமுவ 1938இல் மனித நுழைவு தடுக்கப்பட்ட இயற்கை ஒதுக்ககமாகி, மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் போது, 1984இல், தேசியப் பூங்காவாயிற்று. அணைகளாலும் குடியேற்றங்களாலும் வாழிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடம் தேவைப்பட்டமையே அதற்குக் காரணமாகும்.

இவ்வொதுக்ககங்களின் பயனை மறுத்தல் தகாது. வஸ்கமுவ இன்றேல் மாத்தளையின் கிழக்கே யானைக்கும் கரடிக்கும் இடமேது? ஆயினும், எல்லைக்கோட்டுக்கு உள்ளே காடு, வெளியே மனிதன் என்ற பிரிப்பு முழுமையான தீர்வாகவில்லை. யானை எல்லைக்கோட்டை அறியாது. 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் நாடளாவிய ரீதியில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். வேலிக்கு வெளியேயுள்ள புதர்நிலத்தை என்ன செய்வது என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

அரசின் நீண்டகால விடை தேக்கு நடுதலாக இருந்தது. சேனை உழவருக்குச் சில ஆண்டுகள் பயிரிட நிலம் அளித்து, பயிரிடையே தேக்குக் கன்றுகளை நடச்செய்து, கன்று வளர்ந்ததும் அவர்களை அப்புறப்படுத்தும் கூட்டுமுறை உலர்வலயத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவலாயிற்று. மரத்தொகை பெருகிற்று, ஆனால், பறவைக்கும் கரடிக்கும் உணவாகும் பழமரங்கள் அத்தோப்புகளில் இல்லை. உழவனின் உழைப்புப் பெறப்பட்டது. நிலத்தின் மீது அவனுக்கு நிலையான பங்கு கிட்டவில்லை.

5

இப்பின்னணியிலேதான் தம்புள்ளையில் கண்டலம வீதியை அண்டி அமைந்த பொப்பம் மரச்சோலை முக்கியத்துவம் பெறுகின்றது. ஆங்கிலேயரும் முன்னாள் தேயிலைத் துரையுமான சாம் பொப்பம், 1963இல் அங்கு ஏறத்தாழ ஏழரை ஏக்கர் புதர்நிலத்தைப் பெற்றார். சேனையால் மீண்டும் மீண்டும் எரிந்து, முட்கொடி மூடிய நிலம் அது. முதலிற் கன்றுகளை நட்டுப் பார்த்தார். அவற்றிற் பெரும்பாலானவை வரட்சியில் மடிந்தன. அதன்பின் அவர் கண்டறிந்ததே இம்மரச்சோலையின் அடிப்படையாயிற்று. புதரை அகற்றிய இடங்களில், எவரும் நடாத உள்நாட்டு மரங்களின் கன்றுகள் ஏற்கெனவே இருந்தன. பழைய வேர்களிலிருந்தும், பறவைகள் இட்ட விதைகளிலிருந்தும் எழுந்த அவை, ஒளியின்றிப் புதருக்கடியில் ஒடுங்கிக் கிடந்தன.

எனவே அவர் நடுதலைக் கைவிட்டார். முட்புதரும் கொடியும் தெரிந்தெடுத்து வெட்டப்பட்டன, இளமரங்கள் விடப்பட்டன, நெருக்கமானவை ஐதாக்கப்பட்டன, தீ தடுக்கப்பட்டது. எஞ்சியதை மழையும் காலமும் செய்தன. மெல்ல வளரும் கருங்காலியும் முதிரையும் நிழல் பெற்று நிமிர்ந்தன. மரக்கூரை மூடியதும் ஒளி விரும்பும் முட்செடி தானே நலிந்தது. பின்னர் முப்பது ஏக்கருக்கும் மேலாக விரிந்த அச்சோலையில் எழுபதுக்கு மேற்பட்ட மரவினங்கள் உள்ளன. கண்டி அடிப்படை ஆய்வு நிறுவகம் அதனைப் பொறுப்பேற்று நடத்துகின்றது. இரவிலே தேவாங்கு அங்கு கிளைகளில் இரை தேடுகின்றது. விலங்கைக் கொண்டுவந்து எவரும் விடவில்லை. மரம் மீண்டபோது அதுவும் சேர்ந்தது. விதை பரப்பும் உயிர்கள் திரும்பியபின் காடு தன்னைத் தானே விரிக்கத் தொடங்குகின்றது.

இதற்கு இணையான அனுபவம் ஆபிரிக்காவின் நைஜரிலும் உண்டு. அங்கு 1980களில் மராடிப் பகுதியில், கன்று நடும் திட்டங்கள் தோற்றபின், வயல்களில் உயிரோடிருந்த அடிமரங்களின் தளிர்களை உழவரே தெரிந்து காக்கத் தொடங்கினர். அவுஸ்திரேலியரான டோனி றினாடோ ஊக்குவித்த அம்முறை ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டயர் வரை பரவிற்று. இரண்டினதும் வேறுபாடு நம் கவனத்துக்குரியது. தம்புள்ளையில் ஒரு தனியாரின் காணியில் நிகழ்ந்தது. நைஜரில் உழவரின் சொந்த வயல்களில் நிகழ்ந்தது. வெட்டிய மரத்தின் பயன் தமக்கே உரியதென்ற உறுதி கிடைத்தமையாலேயே அங்கு உழவர் தளிரைக் காத்தனர்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிபுகள் பெறப்படும். முதலாவதாக, 1840ஆம் ஆண்டுச் சட்டம் பாழெனக் குறித்த நிலம் உயிரியல் நோக்கிற் பாழன்று. அது மீள்வதற்குக் காத்திருக்கும் காடு. தம்புள்ளைப் புதரினுள் ஒடுங்கியிருந்த கன்றுகளே அதற்குச் சான்று. இரண்டாவதாக, சேனை உழவனே காட்டின் பகைவன் என்ற கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாதது. அவனது முறை ஓய்வை உள்ளடக்கியது; நிலம் சுருங்கியபோதே அது அழிவுக்கு வழிவகுத்தது. மூன்றாவதாக, மீள்வனத்துக்குப் பெருமுதல் வேண்டியதில்லை. ஆனால் கத்தி எடுத்து எதை வெட்டுவது, எதை விடுவது எனப் பகுத்தறியும் உழைப்பு ஆண்டுதோறும் வேண்டும். இளங்கன்றைப் பார்த்தே இது வீரை, இது முதிரை எனக் கூறவல்ல அறிவு கிராமத்தவரிடமே மிகுதியாக உண்டு.

ஒதுக்ககங்களின் ஓரங்களிலும் பழைய சேனை நிலங்களிலும் இம்முறையைக் கையாள்வதாயின், அவ்வறிவுக்குக் கூலி மட்டுமன்றி உரிமையும் வழங்கப்படல் வேண்டும். பழம், தேன், விறகு, பிற்காலத்து மரம் ஆகியவற்றிற் கிராமத்துக்குப் பங்கு சட்டத்தால் உறுதியாதல் வேண்டும். அவ்வுறுதியின்றி வேலியை மட்டும் நீட்டுவது, 1840இற் போடப்பட்ட அதே எல்லைக்கோட்டைப் புதுப்பிப்பதாகவே முடியும். அக்கோட்டின் இருபுறத்தும் யானையும் உழவனும் மாண்டுகொண்டிருக்கும் இந்நாளில், வனப் பாதுகாப்புப் பற்றிய ஆய்வு காணியுரிமை பற்றிய ஆய்விலிருந்து பிரித்து நடத்தப்படலாகாது.