மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?

சரித்திரம் என்றவுடன் மாணவர்களுக்கு அரசர்களும் போர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் சரித்திரம் போதித்த நானும் அத்தகைய பாடங்களையே பெரிதும் நடத்திவந்தேன். ஆனால், நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அவ்வீட்டின் தலைமேல் இருக்கும் மொட்டை மாடிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஓய்வு பெற்ற பின்னர், கோட்டூர்புரத்தில் என் அண்டை வீட்டார்க்குள் எழுந்த ஒரு பூசலின் வாயிலாகவே நான் அதைக் கற்றுக்கொண்டேன். அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் சென்னை நகரம் தன் பெயரையே ஒரு கூரைக்குக் கொடுத்திருக்கிறது. கட்டடக் கலைஞர்கள் 'மெட்ராஸ் டெரஸ்' என்று வழங்குவது அதுவே. தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் வரிசையாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டுக் கெட்டித்து, முடிவில் தட்டோடு பதிப்பார்கள். மயிலாப்பூரில் எஞ்சி நிற்கும் பழைய வீடுகள் சிலவற்றில் இக்கூரையை இன்றும் காணலாம். அந்த மாடியில்தான் வடகமும் அப்பளமும் உலர்ந்தன. கோடை இரவுகளில் குடும்பமே பாய் விரித்து உறங்கிற்று. அது யாருக்குச் சொந்தம் என்று எவரும் கேட்டதில்லை. ஒரு மனை, ஒரு வீடு, ஒரு குடும்பம். மண் யாருடையதோ, அதன் மேலுள்ள வானும் அவருடையதே என்பது பழைய கொள்கை.

நகரம் பெருகப் பெருக இக்கொள்கைக்குச் சோதனை வந்தது. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மாம்பலத்துப் பெரிய ஏரி இருந்த பகுதியில் தியாகராய நகர் உருவாயிற்று. அங்கும் தனி மனை, தனி வீடு என்பதே முறை. பின்னர் 1961இல் மாநில வீட்டு வசதி வாரியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. அடையாற்றின் தென்கரையிலுள்ள எங்கள் கோட்டூர்புரத்திலும் காலப்போக்கில் அடுக்கு வீடுகள் எழுந்தன. ஒரே மனையின்மீது பன்னிரண்டு குடும்பங்கள் குடியேறினால், வானம் யாருடையது?

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சிவில் சட்டம், ஒரு வீட்டின் மாடிகள் வெவ்வேறு உடைமையாளருக்கு உரியனவாயின், முக்கியச் சுவர்களையும் கூரையையும் பழுதுபார்க்கும் செலவை அனைவரும் தத்தம் மாடியின் மதிப்புக்கேற்ப ஏற்கவேண்டும் என்று விதித்தது. நம் வீட்டு வசதி வாரியச் சட்டம் பிறந்த அதே 1961இல், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அடுக்கு வீடுகளின் உரிமைக்கென்றே தனிச் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் 1994இல் அடுக்ககங்களின் உடைமை பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மத்திய மனை வணிகச் சட்டமோ, படிக்கட்டு, மின்தூக்கி, பூங்கா ஆகியவற்றோடு மொட்டை மாடியையும் பொதுப் பகுதி என்று பெயர் சுட்டியே கூறிவிட்டது.

ஆனால், எங்கள் கட்டடம் அதற்கு நெடுங்காலம் முன்னரே எழுந்தது. மனை இரண்டரை கிரவுண்டு, அதாவது 6,000 சதுர அடி. தளத்துக்கு நான்காக மூன்று தளங்களில் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொருவர் பத்திரத்திலும் 500 சதுர அடி நிலம் 'பிரிபடாத பாகம்' என்று எழுதப்பட்டிருந்தது. மேல்தளத்து நண்பர் ஒருவரின் பத்திரத்தில் மட்டும், மொட்டை மாடியை அவரே அனுபவிக்கலாம் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. கட்டியவர் அதற்கெனத் தனியே பணம் பெற்றிருந்தார். நண்பர் மாடிக்கதவில் பூட்டுப் போட்டார். எங்களுக்கு மனக்குறை உண்டு; ஆயினும் பொறுத்துக்கொண்டோம்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு வந்தது. பெருமழையோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து, அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரம் வெள்ளக்காடாயிற்று. கீழ்த்தளத்து நான்கு குடும்பங்களும் இருட்டில் படியேறி ஓடிவந்தன. மேல்தளத்து நண்பர் யாரும் கேட்குமுன்பே பூட்டைத் திறந்தார். தம் வீட்டுப் போர்வைகளையும் அரிசியையும் கொண்டுவந்து கொடுத்தார். அவ்விரவில் அம்மாடி யாருக்குச் சொந்தம் என்ற வினா எழவே இல்லை. நீர் வடிந்தது, பூட்டு மீண்டும் ஏறிற்று.

சில ஆண்டுகள் சென்றன. சுவர்களில் வெடிப்புக் கண்டது, கம்பிகள் துருவேறின. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குக் கட்டடம் இடிந்து விழுந்த செய்தி எங்களை உலுக்கிற்று. குடியிருந்தோர் முன்னதாகவே வெளியேறியமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. நாமும் இடித்துக் கட்டுவோம் என்று எண்ணினோம். 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள், மனைப்பரப்பில் ஒன்றரை மடங்கு என்றிருந்த கட்டட அளவை இரு மடங்காக உயர்த்தியிருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9,000 சதுர அடி கட்டிய இடத்தில் 12,000 சதுர அடி கட்டலாம். மிகுதி 3,000 சதுர அடி. இந்த மிகுதியே பூசலின் வித்து. "என் மாடிக்கு மேலே எழும் பகுதி எனக்கே உரியது" என்றார் மேல்தளத்து நண்பர்.

2022ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், உரிமையாளருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழிவகுத்தது. எங்களுள் பதின்மர் இசைந்தோம். இசையாதவர் இருவர்: மேல்தளத்து நண்பர், கீழ்த்தளத்தில் தனித்து வாழும் முதிய அம்மையார். "எட்டுப் பேர் போதும், பத்துப் பேர் இருக்கிறோம். இனி அவர்களைக் கேட்பானேன்?" என்று கூட்டத்தில் பேசியவன் நான்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அம்மையார் எழுந்தார். "சார், வெள்ளத்தன்று எங்களை மேலே ஏற்றினீர்களே, அப்போது எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று எண்ணியா பார்த்தீர்கள்?" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. வீட்டை இடித்தபின் இரண்டாண்டு எங்கே போவேன், வாடகையை யார் தருவார் என்பதே அவருடைய அச்சம். அதை நாங்கள் ஒருநாளும் கேட்டறியவில்லை.

அன்றுமுதல் எண்ணுவதை விட்டுப் பேசத் தொடங்கினோம். மூத்த வழக்கறிஞர் ஒருவர் பத்திரங்களை எல்லாம் படித்தார். மேல்தளத்து நண்பருக்கு எழுதிக் கொடுத்தது மாடியின் அனுபவமே. நிலத்தில் அவர் பாகமும் 500 சதுர அடிதான் என்று விளக்கினார். எனினும், அவர் அன்று நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவர் என்பதும் உண்மை அன்றோ? ஆகவே அத்தொகைக்கு ஈடாகப் பொதுநிதியிலிருந்து கொடுப்பதென இசைந்தோம். மிகுதிப் பரப்பின் பயனை நிலப் பாகத்தின்படி சமமாகப் பகிர்வது, புதிய மொட்டை மாடியைப் பொதுவில் வைப்பது, கட்டி முடியும்வரை கட்டுபவரே அனைவர்க்கும் வாடகை கொடுப்பது என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதினோம். பன்னிருவரும் கையொப்பமிட்டோம். அம்மையார் கேட்டபடி இன்னொரு வரியும் சேர்ந்தது: மாடிக்கதவுக்குப் பூட்டு இராது.

மாணவர்களே, நாளை உங்களுள் மிகப் பலர் அடுக்கு வீடுகளில் வாழப்போகிறீர்கள். மாடியில் விழும் மழைநீரைச் சேமிப்பது 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம். அந்நீர் கீழிறங்கி எல்லாருடைய கிணற்றையும் நிறைக்கிறது. சட்டம் படிப்படியாக வளர்ந்து, எது பொது என்பதை வரையறுத்துத் தந்திருக்கிறது. மூன்றில் இரு பங்கு என்பது வேலையைத் தொடங்கச் சட்டம் தரும் அனுமதி. மீதியுள்ளவரின் சொல்லைக் கேளாதிருக்க அது தரும் அனுமதி அன்று. இதனை ஓர் ஆசிரியன், கீழ்த்தளத்து அம்மையார் ஒருவரிடம் மாணவனாக இருந்து கற்றுக்கொண்டான்.