ஈரேழு பதினாலு

வாய்பாடு என்றதும் ‘வாயால் பாடுவது’ என்று பலர் பொருள் சொல்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வழிபாடு, கோட்பாடு, கட்டுப்பாடு இவற்றில் இருக்கும் ‘பாடு’தான் இதிலும் இருக்கிறது. ‘படு’ என்ற வினை முதலெழுத்து நீண்டு பெயரானது. வாய்ப்பட்டு நிலைத்த வடிவம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

இலக்கணக்காரர்கள் இச்சொல்லை ஆளும் விதமும் அதற்குத் துணை நிற்கிறது. ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்றால் வந்து, நடந்து, உண்டு எல்லாவற்றுக்கும் ‘செய்து’ ஒரு மாதிரி. யாப்பில் ‘தேமா’ என்ற சொல்லே நேர்நேர் என்று அசை பிரிந்து, தான் குறிக்கும் சீருக்குத் தானே சான்றாகிறது. வேதியியலில் மூலக்கூறு வாய்ப்பாடு. பாடநூல்களில் ‘ப்’ ஏறிவிட்டது.

திண்ணைப் பள்ளியில் பெருக்கலைக் கற்பித்த நூல் எண்சுவடி. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்பவை அதன் கூடப்பிறப்புகள். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைகள், சட்டாம்பிள்ளை முன்னே சொல்லப் பின்னே சொன்னார்கள். முழு எண்ணோடு நிற்கவில்லை. கீழ்வாய் இலக்கம் என்ற பின்னங்களுக்கும் வாய்பாடு உண்டு. அரையையும் காலையும் பெருக்கினால் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. விடையே பெயராக நிற்கிறது! மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை கடைத்தெருவில் இவற்றுக்கு வேலை இருந்தது. 1957 ஏப்ரல் 1இல் ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனது. படிகளும் மரக்காலும் மெட்ரிக் அளவுக்கு வழிவிட்டன. பின்ன வாய்பாடுகள் பள்ளியை விட்டுப் போயின.

அந்தப் பின்னங்களை இன்று திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. ‘ரெண்டு இன்ட்டு ஏழு பதினாலு’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ‘ஈரேழு பதினாலு’ என்பதில் இருக்கும் கட்டு அதில் இல்லை. ஓர், ஈர், மூ, ஐ, எண் என்ற குறுக்கங்கள் பெருக்கலுக்கென்றே பழகிவந்தவை போல அத்தனை கச்சிதம்: மும்மூன்று ஒன்பது, ஐயைந்து இருபத்தைந்து, எண்ணேழு ஐம்பத்தாறு. ‘அஞ்சாறு பேர்’ என்றால் ஐந்தோ ஆறோ. ‘ஐயாறு’ என்றால் முப்பது. சிறு வடிவ மாற்றத்தில் தோராயமும் பெருக்கலும் தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன. நாலுக்கும் ஏழுக்கும் அந்த வசதி இல்லை. ‘ஏழெட்டுப் பேர்’, ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ இரண்டிலும் சொல் ஒன்றே.

பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தச் சொற்களிலிருந்தே தொடங்கலாம். இருபது, முப்பது, எண்பது என்று எண்ணத் தெரிந்த பிள்ளைக்குப் பத்தாம் வாய்பாடு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. எண்பது என்பது எட்டுப் பத்து என்று காட்டினால் போதும். ஈரேழு பதினாலு லோகம் பாட்டி கதையில் வந்துவிடும். ஈரெட்டில் படிப்பு, மூவெட்டில் கல்யாணம், நாலெட்டில் பிள்ளை என்று பெரியவர்கள் வயதைச் சொல்வதும் எட்டாம் வாய்பாடுதான்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுக்குவது ஏழெட்டில். அங்கே அதட்டி மறுபடி முதலிலிருந்து ஒப்பிக்கச் சொல்வதால் பயம்தான் வளரும். புளியங்கொட்டையை எட்டெட்டாக ஏழு வரிசை வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஒரு குச்சியைக் கிடத்துங்கள். மேலே ஐயெட்டு நாற்பது, கீழே ஈரெட்டுப் பதினாறு. இரண்டையும் கூட்டும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.