குத்துச்சண்டைச் சாம்பியன் குஸ்தி மேடை ஏறிய கதை



நம் லூமுட் வட்டாரத்துத் தோட்டங்களில் வயதான தாத்தா ஒருவரைப் பிடித்து, "குஸ்தின்னா யாரு தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். கிங் காங், தாரா சிங் என்று இரண்டு பெயரைச் சொல்லாமல் விடமாட்டார். 1947-இல் சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்து, இங்கேயே குஸ்தி பழகிப் பேர் வாங்கியவர்தான் தாரா சிங். குத்துச்சண்டை என்றால் முகமது அலி. 1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜோ பக்னரோடு மோதினாரே, அவரேதான். ஆனால் குத்துச்சண்டையில் உலகச் சாம்பியனாகி, பிறகு குஸ்தியில் வயிறு பிழைத்த ஒருவர் உண்டு. பெயர் பிரிமோ கார்னெரா.

1906-இல் இத்தாலியில் செக்குவால்ஸ் என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பிள்ளையாய் இருக்கும்போதே பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குப் போனார். தச்சுவேலை பார்த்தார். வளர்ந்தபோது உயரம் 6 அடி 5 அங்குலத்துக்கும் மேல், எடை 260 ராத்தல்! சர்க்கஸ்காரர்கள் விடுவார்களா? பளு தூக்கவும் மல்லுக்கட்டவும் வைத்தார்கள். அங்கிருந்துதான் 1928-இல் குத்துச்சண்டைக்கு இழுத்து வந்தார்கள்.

நம் பாட்டன்மார் காலத்தில், ஆள் கட்டி வந்த கங்காணிக்கு வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் 'தலைக்காசு' உண்டு என்று கேட்டிருப்பீர்கள். கார்னெரா கதையும் அதுதான். குத்து வாங்கியது அவர். காசு வாங்கியது மேனேஜர்களும், அவர்களுக்குப் பின்னால் நின்ற நியூயார்க் ரவுடிக் கும்பலும். எதிராளிக்குப் பணம் கொடுத்து விழச் சொன்னார்கள் என்ற பேச்சும் பலமாக எழுந்தது. கார்னெராவுக்கே அது எவ்வளவு தெரியுமோ!

1933 பிப்ரவரியில் எர்னி ஷாஃப் என்பவர் கார்னெராவின் அடியில் சாய்ந்தபோது, ஜனங்கள் "பொய்ச் சண்டை!" என்று கூச்சல் போட்டார்கள். நாலாம் நாள் ஷாஃப் இறந்துபோனார். அதற்கு முந்திய சண்டைகளிலேயே அவர் பலத்த அடி வாங்கியிருந்தார், உடம்பும் சரியில்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. ஒரு மனிதன் செத்த பிறகுதான் அந்தச் சண்டையை நிஜம் என்று நம்பினார்கள்.

அதே வருஷம் ஜூன் 29-இல் ஜாக் ஷார்க்கியை ஆறாம் ரவுண்டில் வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1934 ஜூனில் மேக்ஸ் பேர் அவரைப் பதினொரு தடவை கீழே தள்ளினார். பதினொரு தடவையும் எழுந்தார் மனுஷன்! 1935-இல் ஜோ லூயிஸிடமும் தோற்றார். 1938-இல் ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். கையில் காசு இல்லை.

போர் முடிந்து 1946-இல், 39 வயதில், அமெரிக்காவில் குஸ்தி மேடை ஏறினார். அந்தக் குஸ்தி பாதி நாடகம். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் தூக்கிப் போட்டால் முதுகு நோகத்தானே செய்யும்! கார்னெராவைப் பார்க்கவே கூட்டம் திரண்டது. பத்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராய்ப் போய் மோதினார். நிஜம் என்று சொன்ன விளையாட்டு அவரை ஏமாற்றியது. நாடகம் என்று எல்லாரும் அறிந்த விளையாட்டில்தான் அவர் சம்பாத்தியம் அவர் கைக்கு வந்தது. இதை எண்ணினால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரிவதில்லை.

அவரை வென்ற ஜோ லூயிஸும் வரிக்கடன் தாங்காமல் 1956-இல் அதே மேடைக்கு வந்தார். மார்பில் அடிபட்டு விரைவிலேயே ஒதுங்கினார். கார்னெராவோ 1953-இலேயே அமெரிக்கக் குடிமகனாகி, குடும்பத்தோடு நிலைத்துவிட்டார். மகனைப் படிக்க வைத்தார், மகன் டாக்டரானார்.

கடைசியில் உடம்பு தளர்ந்ததும் பிறந்த ஊருக்கே திரும்பினார். சாம்பியன் பட்டம் வாங்கிய அதே ஜூன் 29-ஆம் தேதி, 1967-இல், செக்குவால்ஸில் தம் சொந்த வீட்டில் கண்மூடினார்.